வெள்ளிக்கிழமை வேதபாடம்: 20 வாரம் போய் வந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் ரிவ்யூ

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், வேதபாடக் கூட்டத்துக்கு எழுதினால் என்ன குற்றம்? நூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன், 20 வெள்ளிக்கிழமை கடையை ஆறே முக்காலுக்கே சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் எங்களுக்கு வியாபாரமே. அதை விட்டுவிட்டுப் போனவனுக்கு நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

திங்கள்சந்தைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மனு எழுதுவது, போட்டோ லேமினேஷன், ரீசார்ஜ், இப்படி ஓடுகிறது. போன ஜூலையில் ஒரு ரிட்டையர்டு டீச்சர் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் வர ஆரம்பித்தார். மூன்று தாள் கொடுப்பார், ஒவ்வொன்றிலும் 12 காப்பி. "பேக் டு பேக் போட்டா செலவு குறையும் டீச்சர்" என்று முதல் நாளே சொன்னேன். "வேண்டாம் தம்பி, பின்பக்கம் எழுதணும், சிங்கிள் சைடே எடு" என்றார். தாளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு மார்ஜின், வரிக்கு வரி பெரிய இடைவெளி. பேப்பரை இப்படி வீணாக்கும் கஸ்டமர் எனக்குப் பிடிக்கும்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

என் மெஷின் பழையது. முப்பது காப்பி தாண்டினால் சூடாகி நின்றுவிடும், ஐந்து நிமிஷம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். 36 காப்பி என்றால் கட்டாயம் ஒரு தடவை நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் தட்டில் விழுந்து கிடக்கும் தாளை வாசிப்பேன், வேறு என்ன செய்ய. வேதாகமம்தான் என்று தெரிகிறது, ஆனால் அதிகார எண் இல்லை, வசன எண் இல்லை, மேலே தடித்த எழுத்தில் தலைப்பும் இல்லை. கதை மாதிரி ஓடுகிறது. இயேசு அதிகாலையில் இருட்டோடு எழுந்து தனியாக ஜெபிக்கப் போகிறார். சீமோனும் கூட இருப்பவர்களும் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அத்தோடு தாள் முடிந்தது. கீழே ஒரு கேள்வி: "இதற்கு இயேசு என்ன பதில் சொல்லியிருப்பார்? அடுத்த தாளைப் பார்க்காமல் எழுதுங்கள்."

இது தெரியாதா என்று நினைத்தேன். திரும்பிப் போய் மிச்சம் இருக்கிற நோயாளிகளைக் குணமாக்கியிருப்பார். அடுத்த தாளை எடுத்துப் பார்த்தால், பக்கத்து ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். வாசலில் கூட்டம் காத்துக் கிடக்கிறது, அவர் பாட்டுக்கு வேறு ஊருக்குக் கிளம்புகிறார்! எனக்கு வயசு 44. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து சபையில் இருக்கிறேன். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே கோட்டை விட்டேன்.

பணம் வாங்கும்போது, "டீச்சர், இது எங்க நடக்குது?" என்றேன்.

"நம்ம வீட்டுலதான். இன்னைக்கு ராத்திரி ஏழு மணி. பேனா கொண்டு வா. பைபிள் வேண்டாம்."

பைபிள் வேண்டாத வேதபாடமா என்று பார்க்கவே போனேன்.

ரிவ்யூவுக்குள் போவதற்கு முன்னால் என் பழைய அனுபவத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எதோடு ஒப்பிடுகிறேன் என்று புரியாது. மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் (எங்கள் பக்கம் ஐயர் என்றால் சபைப் போதகர்) 1806ல் மயிலாடிக்கு வந்த நாளிலிருந்து பார்த்தாலே இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேதம் 200 வருஷத்துக்கு மேலாக வாசிக்கப்படுகிறது. கோட்டாறும் கடற்கரை ஊர்களும் அதற்கும் முந்தியவை. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கோபுரமும் சிலுவையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கேட்பதற்கு நமக்கு ஒரு குறைவும் இல்லை. ஞாயிறு பிரசங்கம், கன்வென்ஷன், குடும்ப ஜெபம், சாவு வீட்டு ஜெபம், எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பேச நாம் கேட்கிறோம். வேதத்தைத் துண்டு துண்டாக எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் மனன வசனம் ஒப்பித்து வாங்கிய எவர்சில்வர் டம்ளர் இன்னும் வீட்டில் கிடக்கிறது. புது வருஷ ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை பர்ஸில் இருக்கிறது. ஒரு சுவிசேஷத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே கதையாகப் படித்ததுண்டா என்றால், இல்லை.

படிக்க முயற்சி பண்ணாமலும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் என்று சேர்ந்தேன், தினம் மூணு நாலு அதிகாரம், முடித்ததும் பச்சை டிக் போட வேண்டும். லேவியராகமத்தில் தோல் வியாதிச் சட்டங்கள் வந்தபோது வாசிக்காமலே டிக் போட ஆரம்பித்தேன், அப்புறம் டிக்கும் போடவில்லை. இன்னொன்று தபால் வழிப் பாடம், சரியான விடையைத் தேர்வு செய்க ரகம். 92 மார்க் எடுத்து சர்டிபிகேட்டும் வந்தது, லேமினேஷன் நம்ம கடையிலேயே. நோவாவின் பேழைக்கு நீளம் எத்தனை முழம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். 300.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

டீச்சர் வீட்டு முன்அறையில் பாய் விரித்திருக்கும், வயசானவர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஏழு மணிக்கு ஒரு சின்ன ஜெபம், பாட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு செட் தாளும் கலர் பென்சிலும். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. ஆட்களின் பேருக்கு சிவப்பு, இடத்துக்கும் நேரத்துக்கும் பச்சை, திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்கு நீலம். பென்சிலைக் கையில் கொடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, எல்கேஜி பிள்ளை மாதிரி. ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் என் தாளில் "உடனே" என்ற சொல் நீலமாக அங்கங்கே மின்ன ஆரம்பித்துவிட்டது. மாற்கு கிரேக்கத்தில் இந்தச் சொல்லை 40 தடவை போல எழுதியிருக்கிறார், தமிழில் அத்தனையும் ஒரே சொல்லாக வராது என்றார் டீச்சர். ஆள் அவசரக்காரர். கடையில் அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தால், கொஞ்சம் மூச்சு விடுங்க என்று சொல்லியிருப்பேன்.

பத்து நிமிஷம் முடிந்ததும் பேச்சு. மூன்று சட்டம் உண்டு. ஒன்று, பதில் அந்தத் தாளுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். ரோமரில் இப்படி இருக்கிறது, எங்கள் ஐயர் அப்படிச் சொன்னார், யூடியூபில் ஒரு பிரதர் பேசினார், எதுவும் செல்லாது. இரண்டு, எல்லாரும் ஒரு முறை பேசி முடிக்கும் வரை யாரும் இரண்டாவது முறை வாயைத் திறக்கக் கூடாது. மூன்று, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. (கடைசிச் சட்டத்தை மதித்து, கீழே வருகிறவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.)

வசன எண்ணை ஏன் எடுத்தீர்கள் என்று முதல் வாரமே கேட்டேன். அது மாற்கு போட்டது இல்லை என்றார் டீச்சர். அதிகாரம் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் செய்த வேலை என்பார்கள். இப்போது நாம் பார்க்கிற புதிய ஏற்பாட்டு வசன எண், ராபர்ட் எஸ்தியன் என்ற அச்சுக்காரர் 1551ல் போட்டது. அச்சுக்காரர் என்றதும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715ல் கொண்டுவந்தபோது காகிதம் பற்றாமல் எழுத்தையே சின்னதாக வார்த்தார்கள் என்பதும் அந்த ராத்திரிதான் தெரிந்தது. பேப்பர் செலவு அன்றைக்கும் இதே பாடுதான். 300 வருஷம் கழித்து இங்கே ஒரு டீச்சர் மூன்று விரல் மார்ஜின் விடுகிறார், அடிப்பது நான்.

இந்தக் கூட்டத்துக்கு நான் மார்க் போட வேண்டுமென்றால் ஆறாவது வாரத்துக்கு மட்டும் போட்டாலே போதும்.

அன்றைக்குத் தாளில் புயல். இயேசுவும் சீஷர்களும் சாயங்காலம் அக்கரைக்குப் போகிறார்கள், பெருங்காற்று, அலை படவுக்குள் விழுகிறது, அவர் பின்னணியத்தில், அதாவது படவின் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்குகிறார். கதை எல்லாருக்கும் தெரியும், சண்டே ஸ்கூல் படமே கண்ணுக்குள் இருக்கிறது. டீச்சர் வரைபடம் கொண்டுவந்திருந்தார். கலிலேயாக் கடல் உண்மையில் ஏரிதான், நீளம் 21 கிலோமீட்டர் போல, அகலம் 13. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் மேடு, அதனால் காற்று திடீரென்று மேலிருந்து இறங்கும் என்றார். ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துக்கொண்டேன். முப்பந்தல் பக்கம் பைக்கில் போனவனுக்குத் தெரியும், மலை இடுக்கில் வருகிற காற்று ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பும்.

எங்கள் கூட்டத்தில் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் உண்டு. கத்தோலிக்கர். முன்னால் கடலுக்குப் போனவர், இப்போது இங்கே லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் ஊரில் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் கூட்டத்தில் ஏழு படி முறையில் வசனப் பகிர்வு நடக்குமாம், தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிறுவனத்திலிருந்து பரவிய முறை, அதில் ஒரு படி முழுக்க மௌனம். டீச்சரின் பத்து நிமிஷ மௌனமே அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் கையில் கத்தோலிக்கர் வாசிக்கிற மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். நாங்கள் சீஷர் என்றால் அவர் சீடர் என்பார், நாங்கள் ஞானஸ்நானம் என்றால் அவர் திருமுழுக்கு என்பார். முதல் இரண்டு வாரம் அது இடித்தது, அப்புறம் பழகிவிட்டது.

அவர் பின்னணியம் என்ற சொல்லைப் பிடித்தார். "எங்க பாஷையில வள்ளத்துக்கு முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்துல இருக்குறவன்தான் வள்ளத்தைத் திருப்புறவன். அங்க ஒருத்தர் தலையணை போட்டுப் படுத்திருக்காருன்னா, வள்ளம் ஓட்டுறவன் காலடியில படுத்திருக்காரு. அலை அடிச்சா மொதல்ல நனையுறது அவருதான்." யாரும் அசையவில்லை. சண்டே ஸ்கூல் படத்தில் அவர் ஒரு நனையாத வெள்ளைத் துணியில் படுத்திருப்பார். இத்தனை வருஷம் நானும் அப்படியே படுக்க வைத்திருந்தேன்.

அப்புறம் அவர் விரலை மேலே நகர்த்தி இன்னொரு வரியில் வைத்தார். புயல் தொடங்குவதற்கு முந்திய வரி. வேறு படவுகளும் அவரோடு கூட இருந்தன என்று ஒரு சின்ன வாக்கியம். என் தாளில் அதற்கு நான் கலரே போடவில்லை.

"இந்தப் படகெல்லாம் என்னாச்சு?"

தேடினோம். தாள் முழுக்கத் தேடினோம். அடுத்த தாளிலும் இல்லை. அந்தப் படகுகளைப் பற்றி மாற்கு அப்புறம் ஒரு வார்த்தை எழுதவில்லை. காற்று அடங்கியது, அமைதி உண்டாயிற்று, அக்கரை வந்துவிட்டது. மற்றப் படகுகள் கரை சேர்ந்தனவா இல்லையா?

"2017 நவம்பர் 30" என்றார் அவர். ஒக்கி புயல். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேதிக்கு விளக்கம் தேவையில்லை. அவருடைய மச்சினன் போன வள்ளம் திரும்பவில்லை, அவர் அன்று கரையில் நின்றவர். "நாங்க மடிஞ்சு போறோம், உமக்குக் கவலை இல்லையான்னு இவங்க கேட்டாங்கல்ல, நாங்களும் கோயில்ல நின்னு அதைத்தான் கேட்டோம். இவங்களுக்குப் பதில் வந்துச்சு. எனக்கு அந்த மத்த வள்ளத்துக்காரன் பதில் வேணும்."

இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்று சபைக்குப் போகிற எவருக்கும் தெரியும். யாராவது ஒருவர் எழும்பி, கர்த்தருடைய சித்தம் என்று தொடங்குவார், இன்னொருவர் சகலமும் நன்மைக்கு ஏதுவாக என்று முடிப்பார். அன்றைக்கு அது நடக்கவில்லை, ஏனென்றால் சட்டம் இருக்கிறது, பதில் தாளுக்குள்ளிருந்துதான் வர வேண்டும், தாளில் பதில் இல்லை. டீச்சர் தாளைக் கீழே வைத்தார். "எனக்கும் தெரியல மக்கா" என்றார். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் அவரே, அதாவது லோடு ஆட்டோ அண்ணன், ஜெபம் பண்ணினார். அவர் ஜெபத்திலும் அந்தக் கேள்வி கேள்வியாகவே இருந்தது. தூங்குகிறவரை எழுப்பிக் கேட்கலாம் என்று மட்டும் தெரிகிறது ஆண்டவரே, என்று சொல்லி முடித்தார்.

நான் கேட்ட எந்தக் கன்வென்ஷன் பிரசங்கமும் எனக்குள் இத்தனை நாள் இருந்ததில்லை.

இனி வீட்டு வேலை. கூட்டத்துக்கு வருமுன் வாரத்தில் நாலு நாள், நாளுக்கு 20 நிமிஷம், அதே தாளைத் தனியாக வாசிக்க வேண்டும், நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். என்ன பார்த்தேன், எது புரியவில்லை, இந்த வாரம் இது என்னிடம் என்ன கேட்கிறது. நோட்டை யாரும் திருத்த மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். கேட்க லேசாக இருக்கிறது. முதல் வாரம் நான் எழுதியதை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது, "நாமும் இயேசுவைப் போல அதிகாலையில் ஜெபிக்க வேண்டும்" என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம், எழுதியது ராத்திரி பதினொன்றரைக்கு, எழும்பியது மறுநாள் ஏழரைக்கு. இரண்டாம் வாரம் மூன்று நாள் "ஒன்றும் தோன்றவில்லை" என்றுதான் இருக்கிறது. நாலாவது நாள் "மெஷின் டிரம் மாற்ற வேண்டும்". ஐந்தாம் வாரத்துக்கு அப்புறம்தான் "நாம்" போய் "நான்" வந்தது.

தனியாக எழுதுவதும் சேர்ந்து பேசுவதும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதற்கு ஒரு கதை. விதவையின் காணிக்கை வந்த வாரம். அறுப்பின் பண்டிகையிலும் கட்டட நிதியிலும் இந்த விதவை வராமல் இருந்ததில்லை, இரண்டு காசு போட்டாள், தனக்குள்ளதெல்லாம் போட்டாள், நீ எவ்வளவு போட்டாய். நோட்டில் நானும் கண்ணை மூடிக்கொண்டு "தாராளம்" என்று எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை, எங்களில் ஒரு அக்கா, கணவர் இல்லாதவர், டெய்லரிங் பண்ணுகிறார், தாளில் அதற்கு மேலே உள்ள பத்தியைக் காட்டினார். நீண்ட அங்கி போட்டுக்கொண்டு விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று இயேசு வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களை, திட்டுகிறார். தலைப்பும் எண்ணும் இல்லாததால் இரண்டு பத்தியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. திட்டி முடித்து உட்கார்ந்தால் எதிரே ஒரு விதவை வந்து கடைசிக் காசைப் போடுகிறாள். அடுத்த பத்தியில் சீஷன் ஒருவன் எவ்வளவு பெரிய கல், எவ்வளவு பெரிய கட்டடம் என்று வாய் பிளக்கிறான். நம் வேதாகமத்தில் அங்கே அதிகாரம் முடிந்து 13 ஆரம்பித்துவிடும், அதனால் யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. அக்கா கேட்டார்: "அவ போட்டதை மெச்சிக்கிறாரா, அவளுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்காமப் போனதைக் கண்டு வயிறு எரியுறாரா?"

இரண்டும் இருக்கலாம் என்றோம், ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. ஆனால் எனக்கு வீட்டுக்கு வந்ததும் வேறு ஒன்று முடியவில்லை. கடையில் மனு எழுத நான் வாங்குவது 20 ரூபாய். உதவித்தொகைக்கு மனு எழுத வருகிற, எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளிடம் 30, சில நாள் 40. கேட்டால் பேப்பர் விலை என்பேன். நீண்ட அங்கிதான் என்னிடம் இல்லை. அன்று நோட்டில் மூன்றாவது வரி எழுதக் கை வரவில்லை, எழுதாமல் படுத்தேன். திங்கட்கிழமை கடைச் சுவரில் விலைப் பட்டியல் அடித்து ஒட்டினேன், பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று மனைவி கேட்டாள். அதுவும் சரிதான். இப்போது வாயாலும் சொல்கிறேன்.

குறைகள் சொல்லாவிட்டால் ரிவ்யூ ஆகாது. நிறைய இருக்கின்றன. ஏழு மணி என்றால் ஏழே கால், ஏழே கால் என்றால் ஏழரை. பைக் நிறுத்த இடமில்லை, ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கேட்டை மறித்து வைத்துப் பேச்சு வாங்கினேன். சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மாமார் வர வழியே இல்லை, பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடும் கிடையாது, அதனால் கூட்டம் முக்கால்வாசி நரைத்த தலை. தாளில் எழுத்துப்பிழை அங்கங்கே உண்டு, அடித்தவன் நான் என்பதால் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஐப்பசி மழையில் கரண்ட் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்புப் பென்சிலும் பச்சைப் பென்சிலும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, கடைசி 15 நிமிஷம். ஜெப விண்ணப்பம் என்று ஆரம்பித்து, இன்னார் மகளுக்கு வரன் தட்டிப்போனது, இன்னார் வீட்டில் சொத்துத் தகராறு என்று போய், ஜெபத்துக்கு வைத்த நேரம் ஊர்க்கதையில் கரைந்துவிடும். மூன்றாம் சட்டம் இருப்பதால்தான் இது வெளியே வரவில்லையே தவிர உள்ளே தாராளமாக நடக்கிறது. டீச்சரிடம் சொல்லியும் பார்த்தேன், "மனுசங்க மனசு பாரத்தைச் சொல்லாம எப்படிடா ஜெபிப்பாவ" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல. அப்புறம் நோட்டு எழுதாமல் வருகிறவர்கள். அவர்கள் வந்தால் உடனே தெரிந்துவிடும், பேச்சு தாளை விட்டு வெளியே ஓடும். ஒரு வாரம் ஒன்பது பேரில் ஆறு பேர் எழுதாமல் வந்தோம், நானும்தான், அன்றைக்கு நடந்தது வெறும் டீ பார்ட்டி. டீ நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம், கருப்பட்டிக் காப்பியும் பழபஜ்ஜியும், ஒரு வாரம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வந்தது, அன்று மட்டும் 12 பேரும் சரியாக ஏழு மணிக்கு ஆஜர்.

விசுவாசம் வளர்ந்ததா என்று மனைவி கேட்டாள், ஐயரும் கேட்டார். இதற்கு நான் சொல்வதை விட எங்கள் கூட்டத்து ரப்பர்காரர் சொன்னது மேல். குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார், மகள் வீட்டில் இருப்பதால் இங்கே வருகிறார். மாற்கில் மட்டும் வருகிற ஒரு உவமை உண்டு, ஒருவன் விதையைப் போட்டுவிட்டுத் தூங்கி எழும்புகிறான், அவனுக்குத் தெரியாமலே அது முளைத்து வளர்கிறது. அதற்கு அவர் சொன்னார்: "ரப்பரு வெச்சா ஏழு வருசம் ஆகும் பால் வெட்ட. சுற்றளவு 50 சென்டிமீட்டர் வரணும். டேப்பைப் போட்டு அளக்கத்தான் செய்வோம். தினமும் போய்க் கட்டிப்பிடிச்சு அளந்தா அது உம்ம நெஞ்சு அளவுதான்வே, மரத்து அளவு இல்ல." எனக்கு இப்போது ஆறு மாசம்தான் ஆகிறது. கேட்கிறவர்களிடம் அதையே சொல்கிறேன்.

கடைசி வாரம் பெரிய சண்டை. வெறும் கருத்து வேறுபாடு என்று பூசி மெழுக மாட்டேன், குரல் உயர்ந்த சண்டை. டீச்சர் தாளில் மாற்கு 16ஐ எட்டாம் வசனத்தோடு நிறுத்தியிருந்தார், ஸ்திரீகள் பயந்து கல்லறையை விட்டு ஓடினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகள் அங்கேதான் முடிகின்றன, மிச்ச 12 வசனம் அவற்றில் இல்லை என்றார். பெந்தெகொஸ்தே சபை அண்ணன் ஒருவர் முகம் சிவந்துவிட்டது. நவமான பாஷை பேசுவார்கள், வியாதியஸ்தர் மேல் கைகளை வைப்பார்கள் என்ற வசனமெல்லாம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது, அவர் வீட்டுச் சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறார். "வேதத்துல கத்திரிக்கோல் போடுறியளா டீச்சர்?" என்று எழும்பிவிட்டார். கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. 19 வாரம் தாளை மட்டும் நம்பு என்று பழக்கிவிட்டு, கடைசி வாரம் தாளையே குறைத்துக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும். முழுவதையும் அச்சிட்டு, இந்த இடத்தில் இப்படி ஒரு விஷயம் உண்டு என்று ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கலாம். இதை டீச்சர் மறு வாரம் ஒத்துக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்கே போய் முழுத் தாளையும் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் தாளை வாங்கினார், கோபம் முழுக்கப் போகவில்லை.

யாருக்கு இது ஒத்துவரும்? பதில் தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், பாதிக் கேள்வி நோட்டிலேயே கிடக்கும். பாட்டும் ஆராதனையும் வேண்டும் என்றால் இங்கே கிடையாது. வாரத்தில் ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் நோட்டுக்கு ஒதுக்க முடியாதவர்கள் வராமல் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது, கோபப்பட வேண்டாம். சொந்தமாக வாசித்தால் நமக்குப் பிடித்ததையே வேதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம், அதைக் கேள்வி கேட்க ஒரு டெய்லரிங் அக்காவும் ஒரு லோடு ஆட்டோ அண்ணனும் எதிரே உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். செலவு 20 வாரத்துக்குத் தாள் காசு 100, நோட்டு உங்கள் கை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்தக் கடைசி 15 நிமிஷத்தை ஒழுங்குபடுத்தினால் நாலரை.

கிறிஸ்மஸ் கேரல் எல்லாம் முடிந்து நேற்று டீச்சர் மறுபடி கடைக்கு வந்தார். அடுத்தது பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம், மொத்தமே 25 வசனம், மூன்று விரல் மார்ஜின் விட்டும் இரண்டு தாள்தான். "பதினாலு காப்பி தம்பி. சிங்கிள் சைடு" என்றார். 28 தாள். மெஷின் சூடாகாமல் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டது, நின்று வாசிக்க நேரமே கிடைக்கவில்லை. என் பங்கு இரண்டு தாளை மடிக்காமல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.